ஏரி உங்கள் வலது பக்கம் இருக்கட்டும்

மகள் வீட்டில் போய்த் தங்கியிருந்த செப்டம்பரில் போடன்சே ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டியதைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். நான் ஓட்டினேன், இவர் நடந்தார், சாயங்காலம் ஏதாவது ஓர் ஊரில் சந்தித்துக்கொண்டோம் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே மாதிரிக் கேள்விகள். அவற்றைச் சேர்த்துக் கட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அந்த ஏரி எந்த நாட்டில்தான் இருக்கிறது? ஒரு பத்தியில் ஜெர்மனி என்கிறீர்கள், அடுத்த பத்தியில் சுவிட்சர்லாந்து என்கிறீர்கள். பாதை மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?

இரண்டும் சரிதான், ஆஸ்திரியாவும் உண்டு. ஆங்கில வரைபடத்தில் கான்ஸ்டன்ஸ் ஏரி என்று தேடுங்கள். வடகரை ஜெர்மனி, தென்கரை சுவிட்சர்லாந்து, கிழக்கு மூலையில் ஆஸ்திரியாவுக்குக் கொஞ்சம். ஏரியின் பெரிய பகுதியில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று மூன்று நாடும் இன்றுவரை உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. யாரும் அதற்காகச் சண்டை போடுவதாகவும் தெரியவில்லை.

கரையைச் சுற்றி வரும் சைக்கிள் பாதை சுமார் 260 கிலோமீட்டர். கான்ஸ்டான்ஸ், மேர்ஸ்பூர்க், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன், லிண்டாவ், பிரெகென்ஸ், ரோர்ஷாக், ரோமன்ஸ்ஹோர்ன் என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகும். ஒரே பாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கரையோரத்தில் ஒன்று, திராட்சைத் தோட்டம் வழியாக ஒன்று, ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒன்று என்று கிளை கிளையாகப் பிரிந்து பிரிந்து சேரும். சைக்கிளில் ஒருவர் போகிற படம், பின்சக்கரம் மட்டும் நீலம்: அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். சுவிஸ் பக்கம் வந்ததும் சிவப்புப் பலகையில் எண் போட்டிருப்பார்கள். ரைன் நதியோடு போகும் வழிக்கு 2.

கேள்வி: எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்?

வலஞ்சுழியாக. கோயில் பிரகாரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாட்டிலும் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும். வலஞ்சுழியாகப் போனால் ஏரி எப்போதும் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும். நடுவில் சாலை குறுக்கிடாது. நின்று படம் எடுக்கத் தெருவைக் கடக்க வேண்டாம். ஜப்பானில் பிவா ஏரியைச் சுற்றுகிறவர்கள் இதே காரணத்துக்காக இடஞ்சுழியாகப் போவார்கள், அங்கே வண்டி இடது பக்கம் ஓடுவதால்.

கேள்வி: வயது அறுபத்து மூன்று. முழங்கால் அவ்வப்போது மக்கர் பண்ணும். சைக்கிளைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. என்னால் முடியுமா?

முடியும். ஏரி கடல்மட்டத்திலிருந்து 395 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதை பெரும்பாலும் அந்தத் தண்ணீர் மட்டத்தை விட்டு ரொம்ப ஏறுவதில்லை. பேட்டரி உதவி செய்கிற வாடகை சைக்கிள் எல்லா ஊரிலும் கிடைக்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மோட்டார் கூடவே தள்ளும், அதற்கு மேல் நம் கால் பாடு. கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைத் தாண்டிப் போனவர்களில் எழுபதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்: பிரேக் கையிலா, காலிலா? ஜெர்மனியில் வாடகை சைக்கிள் பலவற்றில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். கடைக்காரப் பெண் எனக்கு இதை இரண்டு முறை சொன்னாள். நானும் தலையாட்டினேன். நம் கால் கேட்க வேண்டுமே! சிக்னலில் நின்றால் பெடலைப் பின்னால் சுழற்றி, மேலே கொண்டுவந்து, அதில் காலை வைத்துக் கிளம்புவது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். அந்த வண்டியில் பெடல் பின்னால் சுழலாது. ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் கரையில், ஐஸ்கிரீம் கடைக்கு எதிரே, ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடலைப் பின்னால் உருட்டப் பார்த்தேன். வண்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். உள்ளங்கை தோல் போனதோடு சரி. அன்றைக்கு அரை மணி நேரம் ஒரு காலி வண்டி நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

முழங்காலுக்கு இன்னொன்று. சீட்டை இறக்கி வைத்துக்கொண்டால் பத்திரம் என்று தோன்றும்; வலி அங்கேதான் ஆரம்பிக்கும். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டிருக்க வேண்டும்.

ஏற்றம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேர்ஸ்பூர்க்கில் கீழூரிலிருந்து மேலூருக்குப் போகும் தெருவில் இறங்கித் தள்ளுங்கள். ஏரியின் வடமேற்குக் கிளையைச் சுற்றுகிறவர்களுக்கு போடான்ரூக் என்ற மேட்டில் ஏறி இறங்குகிற வேலை உண்டு. அதைத் தவிர்க்க வழி இருக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நானும் நண்பர்கள் மூவரும் மூன்றே நாளில் முழுச் சுற்றையும் முடிப்பதாகத் திட்டம் போட்டிருக்கிறோம். நாளுக்கு 90 கிலோமீட்டர் கணக்கு. சரியாக வருமா?

கணக்கு சரியாக வரும். எதற்கு என்றுதான் கேட்பேன்.

ஒப்புக்கொள்கிறேன், நான் முழுச் சுற்று ஓட்டவில்லை. 'சுற்றி வந்தேன்' என்று போன கட்டுரையில் எழுதியதைப் படித்துவிட்டு இவர், "எங்கே சுற்றினாய், பாதி தூரம் படகில்தானே வந்தாய்" என்றார். பாதி இல்லை, கொஞ்சம்தான். கான்ஸ்டான்ஸிலிருந்து மேர்ஸ்பூர்க்குக் கார் ஏற்றும் படகு ஒன்று போகிறது. 1928 முதல் ஓடுகிறது. வருடம் முழுக்க, நடுராத்திரியிலும். கால் மணி நேரத்தில் அக்கரை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிவிடலாம். அதில் ஏறினால் வடமேற்குக் கிளையும் அதன் மேடும் கழிந்துவிடும். அப்புறம் மேர்ஸ்பூர்க்கிலிருந்து ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் சுமார் 20 கிலோமீட்டர், அங்கிருந்து லிண்டாவ் சுமார் 25, லிண்டாவ் தாண்டினால் பத்தே கிலோமீட்டரில் பிரெகென்ஸ். நாளுக்கு ஒன்று என்று ஆறு நாள் எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுவே வேகமாகத்தான் இருந்தது.

90 கிலோமீட்டர் ஓட்டுகிற நாளில் நீங்கள் ஏரியைப் பார்க்க மாட்டீர்கள், முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள். ஹாக்னாவ் பக்கம் ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவே ஒரு மேஜை போட்டிருந்தது. பையில் பழம், பக்கத்தில் ஒரு தகர டப்பா, ஆளில்லை. காசைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கரை முழுக்க இப்படி மேஜைகள் உண்டு. மூன்று நாள் திட்டத்தில் அதற்கு நிற்க மாட்டீர்கள். ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால் சரி, இளைஞர்கள், ஓட்டுங்கள். சுவிஸ் கரையில் கால் தளர்ந்தால் ரயில் இருக்கிறது, கரையை ஒட்டியே போகும், சில கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். சைக்கிளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: உங்கள் கணவர் நடந்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. நடப்பவர்களுக்கு அந்தப் பாதை சுகப்படுமா? சைக்கிள்காரர்கள் இடிக்க மாட்டார்களா?

இதற்கு இவரையே பதில் சொல்லச் சொன்னேன். "மணி அடிக்காமல் பின்னாலிருந்து வந்து உரசிக்கொண்டு போவார்கள் என்று எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நியாயமான புகார்தான். ஜெர்மன் பக்கத்தில் வட்டமான நீலப் பலகை இருக்கும். நடப்பவர் படமும் சைக்கிள் படமும் மேலும் கீழுமாக, நடுவே படுக்கைக் கோடு இருந்தால் இருவருக்கும் ஒரே பாதை. சைக்கிள்காரர்தான் பார்த்துப் போக வேண்டும். நிற்கும் கோடாக இருந்தால் ஆளுக்கொரு பாதி. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் லிண்டாவ் தீவிலும் மேர்ஸ்பூர்க் கீழூரிலும் எந்தக் கோடும் உதவாது, சைக்கிள்காரர் இறங்கித் தள்ளுவதே மரியாதை.

நடப்பவர்களுக்கென்று தனிப் பாதைகள் இருக்கின்றன, அவை சைக்கிள் பாதையைவிட அழகு. கான்ஸ்டான்ஸிலிருந்து ஊபர்லிங்கன் வரை ஏரியின் வடமேற்குக் கிளையைச் சுற்றி சேகாங் என்று 53 கிலோமீட்டர் நடைபாதை. நான் படகில் தாண்டிய மேட்டுக்குள் காடும் பள்ளத்தாக்குமாகப் போகிறது. இவர் அதில் இரண்டு துண்டு நடந்துவிட்டு, வாடகை சைக்கிளுக்குக் கொடுத்த பணம் தண்டம் என்று என்னிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். மேர்ஸ்பூர்க்கிலிருந்து ஹாக்னாவ் வரை திராட்சைத் தோட்டச் சரிவில் ஒன்றரை மணி நேர நடை, யாரும் நடக்கலாம். கீழே ஏரி, எதிரே வானம் தெளிந்திருந்தால் ஆல்ப்ஸ். பிரெகென்ஸில் 1,064 மீட்டர் உயர ஃபேண்டர் மலைக்கு ரோப் காரில் போய் நடந்து இறங்கலாம்; இறங்குவது முழங்காலுக்குக் கெடுதல், அறுபத்து மூன்று வயதுக்காரர் கவனிக்க.

ஒரு எச்சரிக்கை. இவர் முதல் நாள் நடையை முடித்துவிட்டு மேர்ஸ்பூர்க்கில் ரயில்வே ஸ்டேஷனைத் தேடினார். அந்த ஊருக்கு ஸ்டேஷனே கிடையாது. ஊபர்லிங்கன் தாண்டியதும் ரயில் பாதை கரையை விட்டு உள்ளே சாலெம், மார்க்டார்ஃப் என்று போய்விட்டு, ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில்தான் மறுபடி ஏரிக்கு வருகிறது. நடுவே உள்ள ஊர்களுக்கு பஸ்ஸும் படகும்தான். நடந்து போய் ரயிலில் திரும்பலாம் என்று நினைப்பவர்கள் சுவிஸ் கரையைத் தேர்ந்தெடுங்கள்.

ரயில், படகு நேரம் பற்றிப் பேசும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இந்த ஒரே ஏரியைச் சுற்றி ஐந்து ஆட்சிகள், ஐந்துக்கும் ஐந்து மணி. லிண்டாவில் ஒரு நேரம், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் ஒரு நேரம், அக்கரை ரோமன்ஸ்ஹோர்னில் வேறொன்று. அந்தக் காலத்துப் படகுக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று நாடு என்றால் மூன்று விசாவா? பணம், போன் எல்லாம்?

மூன்றும் ஷெங்கன், ஒரே விசா. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருங்கள். கான்ஸ்டான்ஸுக்கும் பக்கத்து சுவிஸ் ஊரான க்ராய்ட்ஸ்லிங்கனுக்கும் நடுவே ஏரிக்கரையில் இருந்த வேலியை 2006-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வரிசையாக உலோகச் சிற்பங்கள்தான் நிற்கின்றன. ஆனாலும் சுங்க எல்லை எல்லைதான்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூரோ, சுவிஸில் ஃபிராங்க். கையில் கொஞ்சம் சில்லறை யூரோ இருக்கட்டும், ஆப்பிள் மேஜை கார்டு வாங்காது. சாப்பாடும் அறையும் சுவிஸ் பக்கம் விலை கூடுதல் என்பதால் நாங்கள் ராத்திரி தங்கியதெல்லாம் ஜெர்மன் பக்கமும் ஆஸ்திரியாவும்தான். அதனால் கடைசி இரண்டு நாளும் ரோர்ஷாக் வரைக்கும் ரோமன்ஸ்ஹோர்ன் வரைக்கும் ஓட்டிவிட்டு ரயிலிலோ படகிலோ அறைக்குத் திரும்பினோம்.

போன்தான் எனக்குப் பாடம் கற்பித்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கான சிம் வாங்கியிருந்தேன். சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. அதனாலென்ன, அங்கே போகும்போது அணைத்துவிடலாம் என்றிருந்தேன். ஜெர்மன் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரை சுவிஸ் டவரை என் போன் பிடித்துவிட்டது. தண்ணீருக்கு மேல் தடுப்பு ஏது? பத்து நிமிடத்தில் இருந்த பணமெல்லாம் போச்சு. நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்து வையுங்கள், அல்லது சுவிஸும் சேர்ந்த திட்டமாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஏப்ரல் கடைசியில் ஆப்பிள் மரங்கள் பூக்கும், செப்டம்பரில் காய்த்துத் தொங்கும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் தாங்காது. பிரெகென்ஸில் ஏரி மேலேயே மேடை கட்டி இசை நாடக விழா நடத்துவார்கள், 1946 முதல் நடக்கிறது, அந்த வாரங்களில் அறைக்கு அலையாதீர்கள். நவம்பரில் மூடுபனி, ஏரி இருக்கும் இடமே தெரியாது.

கேள்வி: மழை, காற்று எப்படி?

கரையோரத்தில் அங்கங்கே கம்பத்தில் ஆரஞ்சு விளக்கு வைத்திருக்கிறார்கள். படகுக்காரர்களுக்கானது, நமக்கும் உதவும். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம் என்று அர்த்தம். 90 முறை மின்னினால் புயல்காற்று.

லாங்கன்ஆர்கனில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது அது மின்ன ஆரம்பித்தது. கையில் இருந்த வாட்சைப் பார்த்து எண்ணினேன், நாற்பது. வெயிலைப் பார்த்துவிட்டு, இயந்திரக் கோளாறு என்று முடிவு செய்து கிளம்பினேன். வாசர்பூர்க் வருவதற்குள் அடுத்த விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, எண்ணவே முடியவில்லை. பாய்மரப் படகுகள் எல்லாம் கூட்டமாகக் கரைக்கு வந்தன. தண்ணீர் பச்சையிலிருந்து ஈயக் கலருக்கு மாறியது. அப்புறம் எதிர்காற்று. மோட்டாரை முழுக்க வைத்தும் சைக்கிள் நடக்கிற வேகத்தில்தான் போனது. லிண்டாவில் அறைக்குப் போகும்போது சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்ள முடியவில்லை, பேண்ட் போட்டிருந்தேன். இவர் எனக்கு முன்னாலேயே ரயிலில் வந்து சூடாக எதையோ குடித்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். முட்டை சேர்த்த மாவில் செய்த ஷ்பெட்ஸ்லெயில் பாலாடைக்கட்டி உருக்கிப் போட்டு, மேலே வறுத்த வெங்காயம் தூவித் தருவார்கள். ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும். முட்டையும் வேண்டாம் என்றால் மெல்லிய ரொட்டி மேல் காய் போட்டுச் சுட்ட ட்யூனலெ, அதில் பன்றித் துண்டு இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு: அந்த ஏரியின் பேர்போன மீன் ஃபெல்ஷன். மீன்வளம் அடியோடு குறைந்துபோனதால் 2024 தொடக்கத்திலிருந்து மூன்று வருடத்துக்கு அதைப் பிடிக்கவே தடை போட்டார்கள். அந்த நாட்களில் ஹோட்டல் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால், அது இந்த ஏரி மீனா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

கேள்வி: ஏரித் தண்ணீரைக் குடிக்கலாமா?

ஏற்கெனவே சுமார் 40 லட்சம் பேர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிப்லிங்கன் ஊருக்கு எதிரே 60 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்து, சுத்தம் செய்து, ஸ்டுட்கார்ட் வரை குழாயில் அனுப்புகிறார்கள். நீங்கள் குழாயில் பிடித்துக் குடியுங்கள், கரையில் குனிந்து அல்ல.

கேள்வி: அங்கே திராட்சை ரசம் விசேஷம் என்கிறார்களே, குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினால் பிடிப்பார்களா? (நண்பருக்காகக் கேட்கிறேன்.)

நண்பரிடம் சொல்லுங்கள்: ரத்தத்தில் ஆல்கஹால் அளவு, ஆயிரத்துக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில், சுவிஸில் 0.5, ஆஸ்திரியாவில் 0.8, ஜெர்மனியில் 1.6 என்பது சைக்கிள்காரருக்கு வரம்பு. ஜெர்மனியில் தள்ளாடினாலோ மோதினாலோ 0.3-க்கே வழக்கு. ஒரே பகலில் மூன்று சட்டத்தையும் கடந்து போவார் என்பதால் ராத்திரி அறைக்குப் போய்க் குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாரும் மைனாவ் பூந்தோட்டத்தையும் ஜெப்பலின் மியூசியத்தையும் சொல்கிறார்கள். வேறு ஏதாவது?

அவை இரண்டும் பார்க்க வேண்டியவைதான். முதல் ஜெப்பலின் வான்கப்பல் பறந்தது 1900 ஜூலை 2-ஆம் தேதி, ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் பக்கத்து ஏரி மேலிருந்து. ஆனால் எனக்குப் பிடித்தது யாரும் நிற்காத மூன்ஸ்டர்லிங்கன். ரோமன்ஸ்ஹோர்னிலிருந்து கான்ஸ்டான்ஸுக்கு வரும் வழியில், சுவிஸ் கரையில் சின்ன ஊர். அங்கே ஒரு தேவாலயத்தில் புனித யோவானின் மரச் சிலை, மார்பளவு உருவம், இருக்கிறது. அது அந்த ஊருக்கு நிரந்தரச் சொந்தம் இல்லை. ஏரி முழுக்க உறைந்துபோகும் வருடத்தில் மட்டும் ஊர்வலமாகப் பனிக்கட்டி மேலேயே நடந்து அக்கரை ஹாக்னாவுக்குத் தூக்கிப் போவார்கள். அடுத்த முறை உறையும்போது அங்கிருந்து இங்கே வரும். 1830-இல் உறைந்தபோது ஹாக்னாவுக்குப் போன சிலை, 1963 பிப்ரவரியில்தான் திரும்பி வந்தது. அதற்கப்புறம் ஏரி முழுசாக உறையவே இல்லை. அறுபது வருடத்துக்கு மேலாக அவர் இக்கரையில் காத்திருக்கிறார். தட்பவெப்பம் போகிற போக்கைப் பார்த்தால் மறுபடி அக்கரை போவாரா, தெரியாது. ஹாக்னாவில் ஆப்பிள் வாங்கிய எனக்கு, நாலு நாள் கழித்து அவர் முன்னால் நின்றபோது, படகில் வந்துவிட்டோமே என்று கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகவே இருந்தது.

கேள்வி: உங்கள் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே போய்வந்துவிட்டேன். கான்ஸ்டான்ஸ் துறைமுகத்தில் நிற்கும் அந்தப் பெண் சிலையைப் படம் எடுத்தால் எப்போதும் முதுகுதான் விழுகிறது. எந்தப் பக்கம் போய் எடுக்க வேண்டும்?

எந்தப் பக்கமும் போக வேண்டாம். அது இம்பீரியா, ஒரு கதையில் வரும் கணிகை; சிற்பி பீட்டர் லெங்க் 1993-இல் வைத்த ஒன்பது மீட்டர் சிலை. ஒரு கையில் குட்டியாக ஒரு போப், இன்னொரு கையில் குட்டியாக ஒரு பேரரசர். 1414 முதல் 1418 வரை அந்த ஊரில் நடந்த திருச்சபைப் பேரவையைக் கிண்டல் செய்கிற வேலை. பீடத்தோடு சேர்ந்து மெல்லச் சுழல்கிறாள், நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று. நீங்கள் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் அவளே திரும்பியிருப்பாள்.